ஒரு ஹோர்ன், இரண்டு தட்டு

அப்பா தன் கையால் எழுதி வைத்தவை மிகக் குறைவு. அவற்றுள் ஒன்று ஒரு புகைப்படத்தின் பின்புறத்தில் நீல மையில் இருக்கிறது: “புதுக் கார் வந்தது. போயா. நல்ல மழை.” மழையைக் குறித்தவர் ஆண்டைக் குறிக்கவில்லை. ஆனாலும் போயா என்ற அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு காலத்தை ஓரளவு நெருங்கிவிடலாம். ஞாயிற்றுக்கிழமைக்குப் பதிலாக, பிறைக் கணக்கில் வாரத்துக்கு ஒன்றாக வரும் பௌத்தப் புனித நாளான போயா தினத்தை முழு விடுமுறையாகவும், அதற்கு முதல் நாளை அரைநாள் விடுமுறையாகவும் இலங்கை அனுசரித்த சில ஆண்டுகள் உண்டு. அறுபதுகளின் பின்பாதியில் வந்து எழுபதுகளின் வாசலில் போய்விட்ட ஏற்பாடு அது. படத்தில் எனக்கு முன்பற்கள் முளைத்துவிட்டன. தீபாவளிக் கவுன் முழங்காலுக்கு மேலே ஏறியிருக்கிறது. ஆகவே நான் நாலாம் வகுப்பில் இருந்திருக்க வேண்டும்.

படத்தில் அப்பா பொனட்டின் மேல் கையை ஊன்றி நிற்கிறார். அம்மா கண்ணைச் சுருக்கியிருக்கிறார். நான் இரண்டு கைகளாலும் ஒரு கருங்கல்லை வயிற்றோடு அணைத்தபடி நிற்கிறேன். காரைப் பற்றிச் சொல்வதற்கு முன் அந்தக் கல்லைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும்.

நாங்கள் மஹய்யாவையில் இருந்தோம். அப்பா கண்டி நகரத்தில் ஹயர் கார் ஓட்டினார். அதாவது கார் ஸ்டான்டில் காத்திருந்து, கூப்பிட்டவர்களைக் கூப்பிட்ட இடத்துக்குக் கொண்டுபோய் விடுவது. பழைய கார், அப்பா வாங்கும்போதே பழையது. அதன் தரையில் பின்சீட்டுக்கு முன்னால் ஓர் ஓட்டை இருந்தது. அம்மா அதன் மேல் சாக்கை நாலாக மடித்துப் போட்டிருந்தார். இடதுபக்கக் கதவைக் கயிற்றால் கட்டி வைத்திருந்தோம். ஹேண்ட் பிரேக் என்று ஒரு கம்பி இருந்தது. அதை இழுத்தால் இழுத்த இடத்தில் நிற்கும், கார் நிற்காது. கார் நிற்கும் இடத்துக்குப் பின்னால் கான், அதாவது கழிவுநீர் வாய்க்கால், ஓடியது. இரவில் கார் உருண்டு கானுக்குள் போய்விடாமலிருக்கப் பின்சக்கரத்துக்குக் கல் வைப்பார்கள். காலையில் அந்தக் கல்லை எடுப்பது என் வேலை.

கல்லை எடுத்தால் மட்டும் கார் போய்விடாது. ஸ்டார்ட்டர் குமிழை இழுத்தால், வயசான மாடு எழும்ப மனமில்லாமல் முக்குவதுபோல் ஒரு சத்தம் வரும். அவ்வளவுதான். முன்னால் விட்டுச் சுற்றும் கம்பி எப்போதோ உடைந்துவிட்டது. ஆகவே தள்ள வேண்டும். எங்கள் ஒழுங்கை, வீட்டிலிருந்து குழாயடி வரைக்கும் ஏறக்குறையச் சமதரை. குழாயடி தாண்டினால் சரேலென்று இறக்கம். அதுவரை ஒருவர் தள்ளிக் கொடுத்தால் போதும், மிச்சத்தை மலை பார்த்துக்கொள்ளும். பாதி இறக்கத்தில் அப்பா கிளச்சை விடுவார், கார் ஒரு தும்மல் தும்மி உயிர் பெறும்.

தள்ளுபவர் சித்தப்பா. அப்பாவின் ஒரே தம்பி. எங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவே ஒரே ஒரு சுவர். அவர் கண்டியில் ஒரு புடவைக்கடையில் துணி கிழித்துக் கொடுப்பவர். நாள் முழுக்கச் சீலை தொட்ட மெத்தென்ற கைகள். ஆனாலும் காலையில் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு டிக்கியில் கையை வைத்தாரென்றால் கார் நகர்ந்துவிடும். என்னைக் “கல்லு மெனேஜர்” என்றுதான் கூப்பிடுவார்.

“கல்லு மெனேஜர், டியூட்டிக்கு வந்தாச்சா? எடு, எடு. காலு மேல போட்டுக்காத.”

அப்பா தயார் என்றால் ஹோர்ன் ஒரு தடவை. குழாயடி வந்ததும் சித்தப்பா டிக்கியில் இரண்டு தட்டுத் தட்டுவார். நான் விட்டுவிட்டேன், நீ போகலாம் என்று அர்த்தம். காரின் பெரும்பாலான உறுப்புகள் ஓய்வு பெற்றுவிட்ட பிறகும் அந்த ஹோர்ன் மட்டும் வாலிபமாக இருந்தது.

பிறகு அண்ணனும் தம்பியும் பேசாமல் போனார்கள். எங்களைப் போன்ற இந்திய வம்சாவளித் தமிழர்களில் யார் இங்கே இருப்பது, யார் இந்தியாவுக்குப் போவது என்று இரண்டு அரசாங்கங்கள் ஒப்பந்தம் போட்டிருந்த காலம் அது. வீட்டுக்கு வீடு விண்ணப்பம் எழுதினார்கள். அப்பா இங்கேயே இருப்பதற்கு எழுதினார். சித்தப்பா அண்ணனிடம் கேட்காமல் இந்தியாவுக்கு எழுதிவிட்டார். அது தெரியவந்த மாலையில் இரண்டு வீட்டுக்கும் நடுவில் நின்று சண்டை போட்டார்கள்.

“இங்க நமக்கு என்னண்ணே இருக்கு?” என்றார் சித்தப்பா.

“அங்க உனக்கு யாருடா இருக்கா?” என்றார் அப்பா.

பதில் இல்லாத கேள்வியைத் திருப்பித் திருப்பிக் கேட்டால் குரல்தான் உயரும். அன்றோடு பேச்சு நின்றது.

ஆனால் மறுநாள் காலை ஹோர்ன் அடித்ததும் சித்தப்பா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து நின்றார். கோபம் வேறு, கார் வேறு. முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டே தள்ளினார். குழாயடியில் இரண்டு தட்டு. அப்பா திரும்பிப் பார்க்காமல் இறங்கிப் போனார். மாதக்கணக்கில் இதுதான் அவர்களுக்குள் நடந்த சம்பாஷணை: ஒரு ஹோர்ன், இரண்டு தட்டு.

“ஒரே வயித்துல பொறந்தவங்க. பேசிக்கிறதுக்கு நடுவுல ஒரு ஓட்டக் கார் வேண்டியிருக்கு” என்று அம்மா தண்ணீர்க் குடத்திடம் சொல்வார்.

சித்தப்பாவுக்குப் பாஸ்போர்ட் வந்தது. பள்ளிக்கூட விடுமுறை தொடங்கும்போது புறப்படுவார்கள் என்று சித்தி அம்மாவிடம் சொன்னார். அந்தச் செய்தி வந்த சில நாட்களுக்குள் கார் செத்துப்போனது. கடைசி ஹயர் கடுகண்ணாவைக்கு. பின்சீட்டில் இருந்த பெரியவரின் செருப்பு ஒன்று ஓட்டை வழியாகப் பிலிமத்தலாவையில் விழ, அவர் அதைக் கவனித்தது கடுகண்ணாவையில். ஒற்றைச் செருப்போடு இறங்கியவர் அப்பாவைத் திட்டிக்கொண்டிருக்கும்போதே முன்பக்கத்தில் ஏதோ முறிந்து, கார் தன் மூக்கை வீதியில் வைத்துப் படுத்துவிட்டது. “நான் கூட இவ்வளவு கோவப்படல, ஒங்க கார் கோவிச்சிட்டுது” என்றாராம் பெரியவர்.

வாகனங்கள் வெளிநாட்டிலிருந்து வருவது அருகிப்போயிருந்த காலம். இருப்பதைத்தான் கைமாற்றிக்கொண்டிருந்தார்கள். அப்பா அலவத்துகொடையில் பழைய கார் வாங்கி விற்கும் ஒரு முஸ்லிம் வியாபாரியிடம் போனார்; நாநா, அதாவது அண்ணன், என்றுதான் அவரைக் கூப்பிடுவோம். நாநா செத்த காரை இரும்புக்கு எடுத்துக்கொண்டு, இன்னொரு பழைய காரைச் சல்லிசாகக் கொடுத்தார். அதுதான் படத்தில் இருக்கும் “புதுக் கார்”. மழையில் நனைந்து வந்த அதன் ஒரு மட்காட் பச்சை, மற்றவை சாம்பல். ஆனால் தரையில் ஓட்டை இல்லை. கதவுகள் தாமாக மூடின. ஹேண்ட் பிரேக்கை இழுத்தால் கார் நின்றது. கொண்டுவந்து விட்ட நாநா குமிழை ஒரு இழுப்பு இழுத்துக் காட்டினார், எஞ்சின் பிடித்துக்கொண்டது.

“பாத்தீங்களா தம்பி? பச்சப்புள்ளயும் ஸ்டார்ட் பண்ணும். இனி யாரும் தள்ளத் தேவையில்ல” என்றார்.

படத்தில் அப்பாவின் முகத்தில் சிரிப்பு இல்லாததற்கு வெயில்தான் காரணம் என்று நெடுங்காலம் நினைத்திருந்தேன். மழை என்று அவரே எழுதி வைத்திருக்கிறார்.

தேவையில்லாவிட்டாலும் புதுக் காருக்கும் பழக்கதோஷத்தில் இரவில் கல் வைத்து வந்தோம். மறுநாள் காலை நான் அந்தக் கல்லோடு நின்றேன். சித்தப்பாவும் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து நின்றார். அப்பா குமிழை இழுத்தார். கார் உடனே ஸ்டார்ட் ஆனது. ஹோர்ன் அடிக்க வேண்டியிருக்கவில்லை, தட்ட வேண்டியிருக்கவில்லை. கார் குழாயடியைத் தாண்டி இறங்கிப் போய்விட்டது. சித்தப்பா இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, “நமக்கு ரெண்டு பேருக்கும் வேல போச்சு, மெனேஜர்” என்றார்.

அதற்கடுத்த நாட்களிலும் சுவரோரம் வந்து நின்று, கார் போவதைப் பார்த்துவிட்டு உள்ளே போனார். பிறகு வருவதை நிறுத்திவிட்டார். அப்பா காலையில் காருக்குள் ஏறி உட்கார்ந்து கொஞ்ச நேரம் சும்மா இருப்பார். கண்ணாடியில் பின்பக்கத்தைப் பார்ப்பார். பிறகு போவார்.

ஒரு வாரம் போயிருக்கும். ஒரு காலையில் அப்பாவின் கை குமிழுக்குப் போனது. ஒரு சத்தமும் வரவில்லை. அப்பா ஹோர்ன் அடித்தார், ஒரு தடவை. சுவருக்கு அந்தப் பக்கம் ஏதோ பாத்திரம் விழுந்த சத்தம் கேட்டது. சித்தப்பா ஓடி வந்தார்.

“என்னா மெனேஜர், புதுசும் படுத்திருச்சா? அந்த நாநா நல்லாத் தலையில கட்டிட்டாரு போல!” குரலில் அவ்வளவு உற்சாகம். டிக்கியில் கை வைத்தார். நான் கல்லை எடுத்தேன். குழாயடியில் இரண்டு தட்டு.

அன்றிலிருந்து தினமும் அப்படித்தான். எனக்குப் பெரிய கவலையாகிவிட்டது. பழைய காராவது முக்கிப் பார்த்தது. இது வாயே திறப்பதில்லை. முனகுகிற நோயாளியைவிடப் பேச்சுமூச்சில்லாத நோயாளிக்குத்தான் ஆபத்து அதிகம் என்பது எனக்குத் தெரியும். அதைவிட விசித்திரம், இந்தக் காருக்கு நோவு வருவது எங்கள் வாசலில் மட்டும்தான். ஸ்டான்டில், பேராதனையில், கட்டுகஸ்தோட்டைச் சந்தியில், எங்கே நிறுத்தினாலும் ஒரே இழுப்பில் ஸ்டார்ட் ஆகும். எங்கள் வாசலில் ஏதோ இருக்கிறது, திருஷ்டி கழிக்க வேண்டும் என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா சேலை முந்தானையால் வாயை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

பிறகு ஒருநாள் அப்பா மாத்தளைக்கு ஹயர் போனபோது என்னையும் ஏற்றிக்கொண்டார். திரும்பி வரும் வழியில் அலவத்துகொடையில் நிறுத்தி, ரேடியேட்டருக்குத் தண்ணீர் எடுக்கப் போனார். நாநா என்னிடம் வந்தார்.

“என்ன மகள், கார் எப்பிடி ஈக்கிது?”

“காலையில ஸ்டார்ட்டே ஆகாது, நாநா. தெனமும் எங்க சித்தப்பாதான் தள்ளணும்.”

நாநாவின் முகம் விழுந்துவிட்டது. அப்பா தண்ணீரோடு வந்தபோது அவர் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் கொஞ்ச நாளில், எனக்குப் பள்ளிக்கூடம் இல்லாத ஒரு பிற்பகலில், மஹய்யாவைக்குப் பஸ் ஏறி எங்கள் வாசலுக்கே வந்துவிட்டார். கையில் ஸ்பேனர் சாவிகள் நிறைந்த ஒரு துணிப்பை. கார் வாசலில் நின்றது. அப்பா சாப்பிட்டுவிட்டு அப்போதுதான் கை கழுவியிருந்தார்.

“நான் வித்த வாகனத்துக்கு நோவு ஈக்கிதாம். எனக்கிட்ட செல்லாம ஈக்கிறீங்களே தம்பி! அலவத்துகொடையில நான் எப்பிடி மொகம் காட்டுற?”

“அப்படியெல்லாம் ஒண்ணுமில்ல நாநா, வாங்க, உக்காருங்க...”

“இரிக்க வரல்ல.” காருக்குள் ஏறினார். குமிழை இழுத்தார். எஞ்சின் ஒரே இழுப்பில் பிடித்தது. ஒழுங்கை முழுவதும் கேட்கும் சத்தம். நிறுத்தினார். மறுபடி இழுத்தார். மறுபடி பிடித்தது. நாநா ஸ்டியரிங்கில் கையை வைத்தபடி அப்பாவைப் பார்த்தார். அப்பா நாநாவைப் பார்க்கவில்லை. இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்த சுவரைப் பார்த்தார். தேத்தண்ணியோடு வந்த அம்மாவும் அந்தச் சுவரைத்தான் பார்த்தார்.

நாநா எஞ்சினை நிறுத்தினார். இறங்கிப் பொனட்டைத் திறந்து, உள்ளே ஒன்றையும் தொடாமல் நெடுநேரம் குனிந்து நின்றார். பிறகு மெதுவாக மூடினார்.

“இப்ப சூட்டுக்கு ஸ்டார்ட் ஆகும். காலம்பற குளிருக்கு இந்தச் சாதிக் கார் இப்பிடித்தான் தம்பி. ஒண்டும் செய்ய ஏலாது. தள்ளத்தான் ஓணும். தள்ள ஆள் ஈக்கிதானே?”

“இருக்கு நாநா,” என்றார் அப்பா. “இப்போதைக்கு இருக்கு.”

தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போகும்போது நாநா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “மகள், இந்தக் கதைய வேற யாருக்கிட்டயும் செல்லிராதீங்க. என்ட யாவாரம் கெட்டுப்போகும்.” ஒரு வியாபாரியின் மானத்தைக் காப்பாற்றும் பொறுப்பு வந்துவிட்டதால் நான் அதை வெகுகாலம் யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் காலையிலும் ஹோர்ன் கேட்டது. சித்தப்பா வந்தார், தள்ளினார், தட்டினார்.

விடுமுறை தொடங்கியது. சித்தப்பா வீட்டார் புறப்படும் நாள் வந்தது. கண்டி ஸ்டேசனில் ரயிலேறித் தலைமன்னார் போய், அங்கிருந்து கப்பல். ஸ்டேசனுக்கு அப்பாவின் கார்தான். யாரும் கேட்கவில்லை, யாரும் சொல்லவில்லை. விடிந்ததும் அப்பா பெட்டிகளை எடுத்து மேலே கட்டத் தொடங்கினார். சித்தி கைக்குழந்தையோடு பின்சீட்டில் ஏறினார். சித்தப்பா புதுக் காற்சட்டை, புதுச் சப்பாத்து. ஏறுவதற்கு முன் என் தலையில் கையை வைத்து, “கல்லப் பத்திரமா வச்சுக்க, மெனேஜர்” என்றார். பிறகு பின்சீட்டில், அப்பாவுக்கு நேர் பின்னால் உட்கார்ந்து கதவை மூடினார்.

தூறிக்கொண்டிருந்தது. நான் சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தியிருந்தேன். இன்றைக்காவது ஸ்டார்ட் ஆகிவிட வேண்டும் என்று கதிர்காமத்து முருகனை வேண்டிக்கொண்டேன். ரயில் காத்திருக்காது. அப்பாவின் கை குமிழுக்குப் போனது. சத்தமில்லை.

அப்பா ஹோர்ன் அடித்தார். ஒரு தடவை.

கையை நீட்டினால் தொட்டுவிடக்கூடிய தூரத்தில் உட்கார்ந்திருந்தவருக்கு ஹோர்ன் அடித்தார். பிறகு பின்கதவு திறந்தது. சித்தப்பா இறங்கி, காற்சட்டையின் கால்களை மடித்துவிட்டுக்கொண்டு பின்னால் போனார். டிக்கியில் இரண்டு கைகளையும் வைத்தார். நான் கல்லை எடுத்தேன். தன் மனைவியும் பிள்ளையும் பெட்டிகளும் இருந்த காரைச் சித்தப்பா குழாயடி வரைக்கும் தள்ளினார். மெதுவாகத் தள்ளினார். சப்பாத்து சேற்றில் வழுக்கியது. குழாயடியில் இரண்டு தட்டுத் தட்டினார். கார் அவரை விட்டுவிட்டு இறக்கத்தில் போய், ஒரு தும்மல் தும்மி, வளைவில் நின்றது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அப்பா அந்த இடத்தில் நின்றதை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. சித்தப்பா கைகளைத் துடைத்துக்கொண்டே இறக்கத்தில் நடந்துபோனார். பின்கதவைத் திறக்கவில்லை. சுற்றிப்போய் முன்சீட்டில், அப்பாவுக்குப் பக்கத்தில் ஏறினார். உடனே புறப்படவில்லை. கார் அங்கேயே நடுங்கிக்கொண்டு நின்றது. பிறகு வளைவில் மறைந்துவிட்டது.

நான் கல்லோடு வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கத்தினேன். “இந்தப் பாழாப்போன கார்! இன்னைக்குக் கூடச் சித்தப்பாவத் தள்ள வச்சிருச்சு. அவரு புதுச் சப்பாத்தெல்லாம் சேறு!” அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அடுத்த நாள் காலை அப்பா காரில் ஏறினார். நான் கல்லை எடுத்துக்கொண்டு, இனி யார் தள்ளப் போகிறார்கள் என்ற யோசனையோடு நின்றேன். அப்பா குமிழை இழுத்தார். எஞ்சின் ஒரே இழுப்பில் பிடித்தது. எனக்கு வந்த சந்தோஷத்தில் கல்லைப் போட்டுவிட்டுக் குதித்தேன்.

“அப்பா! கார் நல்லாயிருச்சு!”

“ஆமா,” என்றார் அப்பா. “நல்லாயிருச்சு.”

அப்பாவும் சித்தப்பாவும் இப்போது இல்லை. வளைவிலிருந்து ஸ்டேசன் வரைக்கும் அவர்கள் ஏதாவது பேசினார்களா என்று நீலகிரியில் இருக்கும் சித்தியிடம் தொலைபேசியில் கேட்டிருக்கிறேன். குழந்தை அழுதுகொண்டே வந்தது, ஒன்றும் காதில் விழவில்லை என்றார்.

இன்னொன்றையும் கேட்டேன். எங்கள் வாசலில் நாநா காரை இரண்டு தடவை ஸ்டார்ட் பண்ணிக் காட்டிய பிற்பகல் போயாவா, போயாவுக்கு முதல் நாளா? எனக்கு இரண்டு நாளும் பிற்பகலில் பள்ளிக்கூடம் இல்லை. போயா என்றால் சித்தப்பாவின் புடவைக்கடை மூடியிருக்கும். அவர் வீட்டில், அந்த ஒற்றைச் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்திருப்பார். எஞ்சின் பிடித்த சத்தத்தை இரண்டு தடவையும் கேட்டிருப்பார், தெரிந்துகொண்டேதான் அதன் பிறகும் தள்ள வந்திருப்பார். முதல் நாள் என்றால் கடை இருட்டும்வரை திறந்திருக்கும். அவருக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. அம்மா போயா என்கிறார். சித்தி, முதல் நாள்தான், அவர் கடையில் இருந்தார் என்கிறார். இருவருமே சொன்னதில் உறுதியாக இருக்கிறார்கள். அப்பா அந்த நாளைப் பற்றி எங்கும் எழுதி வைக்கவில்லை. இதுவரை உறுதிப்படுத்த முடியவில்லை.